தியேட்டரடியும் பக்கத்து வாங்கும்

அண்மைக் காலமாக ஊர் வரலாற்று நூல்களிலும், பாடசாலை நூற்றாண்டு மலர்களிலும், புலம்பெயர்ந்தோர் சங்கங்கள் வெளியிடும் ஆண்டு மலர்களிலும் ஒரு வகைக் கட்டுரை தவறாமல் இடம்பிடித்து விடுகிறது. இல்லாமற்போன ஊர்த் தியேட்டரைப் பற்றிய நினைவுக் கட்டுரை அது. யாழ்ப்பாணத்தின் ரீகல், வின்ஸர், வெலிங்டன், மனோகரா பற்றியெல்லாம் நிறைய எழுதியாயிற்று. கிழக்கிலும் இப்போது எழுதுகிறார்கள். கலரி டிக்கட்டின் விலை, இடைவேளையில் வாங்கிய கச்சான் சுருள், இடையில் அறுந்துபோன ரீல், இருட்டில் எழும் கூக்குரல், எம்.ஜி.ஆர். கட்சிக்கும் சிவாஜி கட்சிக்கும் நடந்த வாய்ச்சண்டை. பிறகு தொலைக்காட்சி வந்தது, வீடியோ வந்தது, தியேட்டர் மூடப்பட்டது, இன்று அந்த இடத்தில் ஒரு கடைத்தொகுதி நிற்கிறது. கட்டுரை முடிந்துவிடும்.

இவற்றை நான் விரும்பி வாசிப்பவன். ஆனால் பத்துக் கட்டுரைகளை அடுத்தடுத்து வாசித்தால் ஒரு சந்தேகம் எழுகிறது. தியேட்டரின் பெயரையும் வீதியின் பெயரையும் மாற்றிவிட்டால் சாவகச்சேரிக் கட்டுரை கல்முனைக்குப் பொருந்திவிடும். கல்முனைக் கட்டுரை திருகோணமலைக்குப் பொருந்திவிடும். ஒரு கட்டடத்தைப் பற்றிய நினைவை அது நின்ற மண்ணிலிருந்து இவ்வளவு இலகுவாகப் பெயர்த்தெடுக்க முடியுமானால் அந்த நினைவில் ஏதோ விடுபட்டிருக்கிறது. எழுதுபவர்களின் ஞாபக மறதியால் நேர்ந்த விடுபடல் அல்ல இது. எதை எழுதலாம், எதை எழுதாமல் விடலாம் என்று நமக்குள் பேசாமலே செய்துகொண்ட ஓர் ஏற்பாடு இதன் பின்னால் இருப்பதாக நான் கருதுகிறேன்.

இந்த எழுத்துவகைக்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. எழுதியவர்களில் பலர் அதைப் பார்த்திராமலும் இருக்கலாம். இத்தாலிய இயக்குநர் ஜூசெப்பே தொர்னத்தோரேயின் 'சினிமா பாரடைஸோ' (1988) என்ற படத்தையே சொல்கிறேன். ஒரு சிறுவன், படம் ஓட்டும் அறையில் ஒரு மூத்த தொழிலாளி, தீப்பற்றும் படச்சுருள், கடைசியில் வாகனத் தரிப்பிடத்துக்காகத் தகர்க்கப்படும் தியேட்டர். அந்தச் சிசிலித் தீவுக் கிராமத்தில் மேல்மாடியில் இருப்பவன் கீழே இருப்பவர்களின் தலையில் துப்புகிறான். வர்க்கம் அங்கே மறைக்கப்படவில்லை. ஆனாலும் மேலே இருப்பவனும் கீழே இருப்பவனும் ஒரே மொழிக்காரர், ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள். படம் முடிந்ததும் ஒரே சதுக்கத்தின் வழியாக வீடு திரும்புகிறார்கள். எனவே தியேட்டர் போனதற்காக அவர்கள் எல்லோரும் சேர்ந்து அழ முடிகிறது. நம்முடைய கரையில் அப்படிச் சேர்ந்து அழ முடியுமா என்பதுதான் கேள்வி.

தமிழ்ச் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் வெளியிட்ட சிறுநூலில் ஒரு கருத்து உண்டு. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதலாவது நிகழ்த்துகை இடம் சினிமாக் கொட்டகையே என்பதும், அங்கே ஆசனத்தைத் தீர்மானித்தது பிறப்பல்ல, கையிலிருந்த காசு என்பதும் அதன் சாரம். தமிழில் சினிமா பற்றி எழுதுவோர் அடிக்கடி எடுத்தாளும் கருத்து இது. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இதன் கனம் பெரியது. மாவிட்டபுரம் கோயிலுக்குள் நுழைவதற்காக 1968இல் கூடப் போராட வேண்டியிருந்த ஒரு சமூகத்தில், காசு கொடுத்தவனுக்குக் கதிரை என்பது சிறிய விடயமல்ல.

ஆனால் இக்கருத்தை அப்படியே கல்முனைக் கரைக்குக் கொண்டுவந்து வைக்கும்போது இரண்டு இடங்களில் அது இடறுகிறது. 'தமிழர் அனைவரும்' என்பதில் நாம் உண்டா என்பது முதலாவது. கொழும்பு ஸாஹிராவில் படித்தவரும் பின்னர் அங்கேயே கற்பித்தவருமான சிவத்தம்பி முஸ்லிம்களை அறியாதவரல்லர். அவர் அங்கே பேசியது சாதியைப் பற்றி. ஆனால் இக்கரையில் கொட்டகைக்குள் இருந்த பெரிய பிரிகோடு சாதி மாத்திரமல்ல; சமூகமும்தான். இரண்டாவது இடறல் பெண்கள். அதற்குப் பின்னர் வருகிறேன்.

இக்கரையின் அமைப்பை அறியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். வடக்கேயிருந்து தெற்காகப் பிரதான வீதியில் வந்தால் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைப் பட்டினம், கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஓர் ஊர் முடிவதும் மற்றது தொடங்குவதும் வெளியூரானுக்குத் தெரியாது. பெரியநீலாவணை தமிழ் ஊர், மருதமுனை முஸ்லிம் ஊர், பாண்டிருப்பு தமிழ் ஊர், கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் மாளிகைக்காடும் முஸ்லிம் ஊர்கள், காரைதீவு தமிழ் ஊர், நிந்தவூர் முஸ்லிம் ஊர். மேடைகளில் இதைத்தான் புட்டும் தேங்காய்ப்பூவும் என்பார்கள். இந்த உவமையைச் சொல்பவர்களுக்கு எப்போதும் கைதட்டல் கிடைக்கிறது. குழலுக்குள் எது எதன்மேல் வைக்கப்பட்டது, எது எதனை அழுத்தியது என்று எவரும் கேட்பதில்லை.

பேச்சுவழக்கில் நாம் பள்ளியடி, கோயிலடி, சந்தையடி, ஆஸ்பத்திரியடி என்பது போலவே தியேட்டரடி என்றும் சொல்கிறோம். இந்த 'அடி' மிக நுட்பமான சொல். அது கட்டடத்தைக் குறிப்பதில்லை. கட்டடத்தின் முன்னால் சேர்ந்த சனத்தையும், வெற்றிலைக் கடையையும், சர்பத் வண்டியையும், சைக்கிள் காவல்காரனையும், சுவரொட்டியையும் சேர்த்துக் குறிக்கிறது. பள்ளியடிக்குத் தமிழர் காரணமின்றிப் போவதில்லை. கோயிலடிக்கு முஸ்லிம்கள் காரணமின்றிப் போவதில்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக் காலத்துக்கும், கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றக் காலத்துக்கும் இரு பகுதியாரும் போவார்கள்தான். ஆனால் அங்கே ஒரு பகுதியார் வீட்டுக்காரர், மறு பகுதியார் விருந்தாளி. சந்தையடியில் ஒருவர் விற்பவர், மற்றவர் வாங்குபவர். யாரும் விருந்தாளியாக இல்லாமலும், யாரும் யாருக்கும் எதையும் விற்காமலும், மூன்று மணிநேரம் ஒரே வாங்கில் தோளோடு தோள் உரசிக்கொண்டு இருந்த இடம் தியேட்டர் மாத்திரமே. அந்த வாங்கில் போடியாரின் வயல்காரனும் மருதமுனை நெசவாளியும் பாண்டிருப்புத் தச்சனும் இருந்திருப்பார்கள் என்பதை ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. நினைவுக் கட்டுரைகளிலோ 'நாங்கள்' என்ற ஒரு சொல் மட்டும் இருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் யார் என்று அதில் தெரிவதில்லை.

படத்தைவிட முக்கியமான ஒன்று படம் முடிந்த பிறகு நடந்தது. இரவின் இரண்டாங்காட்சி நள்ளிரவைத் தாண்டித்தான் விடும். கடைசி பஸ் போயிருக்கும். கல்முனைப் பட்டினத்தில் படம் பார்த்த நிந்தவூர்க்காரர் காரைதீவைக் கடக்காமல் வீடு சேர முடியாது. மருதமுனைக்காரர் பாண்டிருப்பைக் கடக்க வேண்டும். பெரியநீலாவணைக்காரருக்கு மருதமுனையையும், காரைதீவுக்காரருக்குக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு மூன்றையும் கடந்தாக வேண்டும். நடுச்சாமத்தில், சைக்கிள் டைனமோ வெளிச்சத்தில், கதாநாயகனின் பாட்டை உரத்துப் பாடிக்கொண்டு, மற்றவர்களின் ஊருக்குள்ளால் போவது. நாய் குரைக்கும்; யாராவது ஒருவர் வாசலில் நின்று படம் எப்படி என்று கேட்கக்கூடும். அச்சம் என்று ஒன்று அந்த வீதியில் இருந்ததாக அந்தத் தலைமுறை சொல்வதில்லை. சிவத்தம்பி சொன்ன கூரை இங்கே இந்தச் சில மைல் வீதிக்கும் சேர்த்தே போடப்பட்டிருந்தது. எனவே இக்கரையில் தியேட்டரைப் பற்றி எழுதுபவர் இரண்டாங்காட்சி விட்ட பின்னரான வீதியை எழுதாமல் விட்டால் பாதியைத்தான் எழுதியிருக்கிறார். அந்தப் பாதி எந்த ஊருக்கும் பொருந்தும்.

சரி, இதெல்லாம் அந்தக் காலத்திலேயே ஏன் எழுதப்படவில்லை? கல்முனை எழுத்து வறண்ட ஊரல்ல. எம்.ஏ. நுஃமான் 'கவிஞன்' காலாண்டிதழை 1969இல் தொடங்கியது இங்கிருந்துதான். நீலாவணனின் கவிதையும் மருதூர்க்கொத்தனின் கதைகளும் இம்மண்ணுக்கு உரியவை. தியேட்டர்கள் நிறைந்து வழிந்ததும் அதே காலம்தான். ஆனால் அன்றைய நமது இலக்கிய உலகில் தமிழகத்து வணிகச் சஞ்சிகையும் வணிகச் சினிமாவும் ஒரே குற்றவாளிக் கூண்டில் நின்றன. முற்போக்கு எழுத்தாளர்கள் அச்சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தக் கோரினர். எழுபதுகளில் கட்டுப்பாடும் வந்தது. அக்கோரிக்கைக்கு நியாயம் இருந்தது. ஈழத்து எழுத்துக்கு அதனால் மூச்சுவிட இடம் கிடைத்தது. எனினும் படத்தை மறுத்தவர்கள் படம் பார்த்த சனத்தையும் சேர்த்தே மறுத்துவிட்டார்கள். விமர்சகனுக்குத் தியேட்டர் நசிவுக் கலாசாரம், மௌலவிக்கு அது ஹராம். வேறெந்த விடயத்திலும் ஒத்துப்போகாத இருவரும் இதில் மட்டும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள். இருவருடைய வீட்டுப் பிள்ளைகளும் கலரியில் இருந்தார்கள் என்பது வேறு கதை.

பெண்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நமது உம்மாமாரும் ராத்தாமாரும் தியேட்டருக்குப் போகவே இல்லை என்று எழுதுவதும் பொய், தாராளமாகப் போனார்கள் என்று எழுதுவதும் பொய். போனவர்கள் பெருநாளுக்கு அடுத்த நாட்களில், குடும்பமாக, பகற்காட்சிக்குப் போனார்கள். இரண்டாங்காட்சி விட்ட வீதி அவர்களுக்கு இருந்ததில்லை. பெரும்பாலானோருக்குச் சினிமா காதால் வந்தது. வானொலியில் ஒலிச்சித்திரமாக வந்தது, ஒலிபெருக்கி கட்டிய விளம்பரக் காரில் வந்தது, தம்பிமார் வாங்கிவந்த பாட்டுப் புத்தகத்தில் வந்தது. பாட்டுப் புத்தகத்தின் கதைச் சுருக்கம் பாதியில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். மீதியைக் காணும் வழி இல்லாத ஒருத்தி அந்தக் கதையை எப்படி முடித்திருப்பாள்? நமது நினைவெழுத்தில் இதைவிடச் சுவையான விடயம் இருக்க முடியாது. ஆண்கள் எழுதிய கட்டுரைகளில் இது ஒரு வரியாகக்கூட வருவதில்லை. பெண்களிடம் கேட்டவரும் இல்லை.

படங்களின் பெயர்ப்பட்டியல் மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது. அந்தப் பட்டியலையாவது கொஞ்சம் விசாரிக்கலாம். 'குலேபகாவலி' (1955), 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), 'பாக்தாத் திருடன்' (1960) என்று எம்.ஜி.ஆர். அரபுக் கதைகளின் தலைப்பாகையோடு வந்த ஒரு வரிசை உண்டு. 'சிரித்து வாழ வேண்டும்' (1974) படத்தில் அவருடைய இரு வேடங்களில் ஒன்றின் பெயர் ரகுமான். பீம்சிங்கின் 'பாவமன்னிப்பு' (1961) படத்தில் இந்துவாகப் பிறந்து முஸ்லிம் பெரியவரால் வளர்க்கப்படும் ரஹீமாகச் சிவாஜி வருகிறார். நாகூர் ஹனீபாவின் குரலும் அதில் ஒலிக்கிறது. தமிழகத்தில் இப்படத்தை மத நல்லிணக்கப் படம் என்பார்கள். அங்கே முஸ்லிம்கள் பார்வையாளரில் ஒரு சிறு பங்கு. இக்கரையில் அரங்கின் பாதியாகவோ அதற்கு மேலாகவோ அவர்களே இருந்த காட்சிகள் உண்டு. ரஹீம் பிறப்பால் யார் என்று தெரியவரும் கட்டத்தில் ஒரே வாங்கில் இருந்த இருவரும் ஒரே உணர்ச்சியையா அடைந்தார்கள்? ஒருவருக்கு அது இணக்கமாகவும், மற்றவருக்குத் தமது பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கொண்டது போலவும் பட்டிருக்கலாம் அல்லவா? சாரா டிக்கி என்ற மானிடவியலாளர் மதுரையின் ஏழைப் பார்வையாளர்களோடு பழகி, படங்களைவிடப் பார்த்தவர்களைப் பற்றி 1993இல் ஒரு நூல் எழுதினார். நம்மிடம் தம்பிஐயா தேவதாஸின் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' இருக்கிறது. எடுத்தவர்களையும் நடித்தவர்களையும் பற்றிய தகவல்களை அவர் சேகரித்துத் தந்திராவிட்டால் இன்று அவையும் இல்லாமற் போயிருக்கும். பார்த்தவர்களின் கதையைச் சேகரிக்க ஒரு தேவதாஸ் இன்னும் கிடைக்கவில்லை.

இனி, தியேட்டர் எப்படிப் போனது என்ற இடத்துக்கு வருவோம். நினைவுக் கட்டுரைகள் மிகவும் வழுக்குவது இங்கேதான்.

மதுரையின் தங்கம் தியேட்டரை எடுத்துக்கொள்வோம். 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறக்கப்பட்டது. 2,563 இருக்கைகள், ஆசியாவிலேயே பெரியது என்ற பெயர். அவ்வளவு பெரிய அரங்கை நிரப்ப முடியாமற்போன காலத்தில் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் பெரிய துணிக்கடை எழுந்தது. அது சந்தையின் கையால் வந்த சாவு. அதற்குத் தொலைக்காட்சியையும் நிலத்தின் விலையையும் காரணம் காட்டினால் போதும். யாழ்ப்பாணத்துத் தியேட்டர்களுக்கு யுத்தம் வந்தது. ஸ்ரீதர் தியேட்டர் நெடுங்காலம் ஈ.பி.டி.பி.யின் காரியாலயமாக இருந்தது எல்லோருக்கும் தெரியும். தெற்கில் 1983 ஜூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா கலையகம் எரிக்கப்பட்டபோது, அங்கிருந்த சிங்களப் படங்களின் மூலப்பிரதிகளும் சேர்ந்தே சாம்பலாயின.

கல்முனைக் கரையில் எல்லாக் காரணங்களும் கொஞ்சம் கொஞ்சமாக உண்டு. 1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் ஏகபோகத்தால் தமிழகப் படங்கள் குறைவாகவும் தாமதமாகவும் வந்தன. 1982இல் ரூபவாஹினி வந்தது. வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் டெக் கொண்டுவந்தார்கள். ஒரு வீட்டு முற்றத்தில் ஊரே கூடிப் படம் பார்த்தது. கட்டுரைகள் இந்த டெக்கைத் தொழில்நுட்ப மாற்றமாகவே சொல்கின்றன. முற்றத்தில் கூடியது எந்த ஊர் என்பதை அவை கவனிப்பதில்லை. தமிழ் ஊரின் முற்றத்தில் தமிழர் பார்த்தார்கள், முஸ்லிம் ஊரின் முற்றத்தில் முஸ்லிம்கள் பார்த்தார்கள். படம் ஒன்றுதான், வாங்கு இரண்டாகிவிட்டது.

அதற்கு இடையில்தான் 1985 ஏப்ரல் வந்தது. காரைதீவில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே வன்செயல் மூண்டது; வீடுகள் எரிந்தன; சனம் இடம்பெயர்ந்தது. நான் மேலே சொன்ன வீதியின் படத்தை மனதில் வைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். நிந்தவூருக்கும் கல்முனைக்கும் இடையில் கிடப்பது காரைதீவு. அந்த இடம் அறுந்தால் இரவில் வீடு போகும் வழி அறுந்தது. தியேட்டரின் கதவு திறந்திருந்தாலும் இரண்டாங்காட்சிக்கு யார் வருவார்? பிறகு 1990. ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. இப்பகுதிப் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த பொலிஸாரைப் புலிகள் கொண்டுபோய்க் கொன்றார்கள். அதன் பின்னர் கல்முனைக்குள் வந்த இராணுவத்தின் கையால் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சில நாட்களில் ஏறாவூர். அதற்குப் பிறகு மற்றவர் ஊருக்குள்ளால் பாட்டுப் பாடிக்கொண்டு போக எவரும் துணியவில்லை. ஊரடங்குச் சட்டம் எழுதிவைத்த நேரத்துக்கு முன்பே வீதி தானாக அடங்கியது.

இவ்வளவையும் நமது நினைவுக் கட்டுரைகள் மூன்று சொற்களால் கடந்துவிடுகின்றன: 'நாட்டின் அசாதாரண சூழ்நிலை'. வானொலிச் செய்தியிலிருந்து வந்து நமது உரைநடையில் குடியேறிவிட்ட இந்தத் தொடரை நான் வெறுக்கிறேன். யார் யாரைச் செய்தார்கள் என்று சொல்லாமல் தப்பிக்க இதைவிட வசதியான தொடர் தமிழில் இல்லை. எழுதுபவரின் சங்கடம் எனக்குப் புரிகிறது. மலர் வெளியிடுபவர் பாடசாலை அதிபர். விழாவுக்கு இரு தரப்பாரும் வருவார்கள். பழைய புண்ணைக் கிளறுவானேன் என்ற எண்ணம். ஆனால் இதன் விளைவு என்ன? பக்கத்து வாங்கில் இருந்தவரை முதலில் 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் மறைத்தோம். பிறகு அவர் ஏன் வராமற் போனார் என்பதைச் 'சூழ்நிலை'க்குள் மறைத்தோம். இரண்டு மறைப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இணக்கத்தை விபரமாக எழுதாதவரால் முறிவையும் விபரமாக எழுத முடியாது.

நமது படைப்பிலக்கியம் இந்தக் கோழைத்தனத்தைச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சோலைக்கிளியின் 'எட்டாவது நரகம்' 1988இலேயே வந்தது. தீரன் ஆர்.எம். நௌஷாதின் 'கொல்வதெழுதுதல் 90' நாவல் தலைப்பிலேயே ஆண்டைச் சுமந்துகொண்டு வந்தது. கவிதையும் நாவலும் போன இடத்துக்கு நினைவுக் கட்டுரை போகத் தயங்குகிறது. இனிமையான வடிவம் என்று அதை நாம் பழக்கிவிட்டோம்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்து அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. தியேட்டரின் இரண்டாங்காட்சி பார்த்த தலைமுறையில் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் கரையோரம் இருந்த எத்தனையோ பேர் அதில் போனார்கள். எஞ்சியவர்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும் வயது. அவர்களிடம் எந்தப் படம் பார்த்தீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, யாரோடு போனீர்கள், எந்த வழியால் திரும்பினீர்கள், கடைசியாக இரண்டாங்காட்சிக்குப் போனது எப்போது என்று கேட்க வேண்டும். ஒரே கேள்வியை மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் கேட்க வேண்டும்.

எழுத்தில் பதிந்த சான்றையும் தேடலாம். சினிமா டிக்கட்டுகளுக்குக் களியாட்ட வரி உண்டு; அதை அறவிட்டது உள்ளூராட்சி சபை. வரி என்றால் கணக்கு. கணக்கு என்றால் காட்சிவாரியாக விற்ற டிக்கட்டுகள். கறையானுக்கும் வெள்ளத்துக்கும் தப்பிய பேரேடு எங்காவது ஓர் அலுமாரியில் கிடந்தால், 1985 மார்ச் மாதத்து இரண்டாங்காட்சிக்கும் மே மாதத்து இரண்டாங்காட்சிக்கும் எத்தனை டிக்கட் விற்றது என்று முதலில் பார்க்க வேண்டும்.